அழுதால் கட்டி வளராது

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பெண் ஓயாமல் கேட்கும் சொல், ‘தைரியமா இரு’. கீமோ ஏற்றும் நாளிலும் ‘கரண்ட்’ என்னும் கதிர்வீச்சு வைக்கக் காத்திருக்கும் வரிசையிலும் அது கூடவே வரும். ‘மனசை விட்டுட்டா வியாதி ஏறிடும்மா’ என்று அத்தை சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் வாய்ப்புண்ணும் வாந்தியுமாகக் கிடக்கும் நாளிலும் சிரித்த முகம் காட்டுவது அவர் கடமையாகிவிடுகிறது. நோய் திரும்பிவிட்டாலோ, ‘நான் பயந்ததாலதான் வந்துச்சோ’ என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறார். அந்தக் குற்ற உணர்வுக்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்பதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

மனோதிடம் நோயை வெல்லும் என்ற எண்ணம் ஆய்வுகளிலிருந்தும் வந்ததுதான். 1979-ல் லண்டனில் ஸ்டீவன் கிரீர் குழுவினர், ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 69 பெண்களைப் பற்றி எழுதினார்கள். போராடும் மனநிலை கொண்டவர்களில் பலருக்கு ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பவில்லை. தனக்கு நோயே இல்லை என்று மறுத்தவர்களுக்கும் அதே நல்ல பலன் கிடைத்திருந்தது! அந்த இரண்டாவது பாதியை உலகம் மறந்துவிட்டது. போராடும் மனம் மட்டும் நிலைத்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டேவிட் ஸ்பீகலின் ஆய்வு வந்தது. நோய் உடலில் பரவிவிட்ட 86 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு வாரந்தோறும் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். இத்தனை பெரிய வித்தியாசத்தைக் கண்டு மருத்துவ உலகம் திகைத்தது. அந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மரண பயம், வலி, கணவரிடம்கூடச் சொல்ல முடியாதவை என எல்லாவற்றையும் கொட்டி அழுதார்கள்.

அப்படிப்பட்ட முடிவை மறுபடி சோதிக்காமல் விட முடியாது. கனடாவில் பமேலா குட்வின் 235 பெண்களிடம் சோதித்து 2001-ல் வெளியிட்டார்: கூடிப் பேசியவர்களுக்கு 17.9 மாதங்கள், மற்றவர்களுக்கு 17.6 மாதங்கள். ஆயுளில் வித்தியாசமே இல்லை. 2007-ல் ஸ்பீகலே 125 பெண்களுடன் மீண்டும் செய்து, ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை என்று நேர்மையாக எழுதினார். போராடும் மனநிலையின் கதையும் அப்படித்தான் முடிந்தது. 1999-ல் மேகி வாட்சன் 578 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அந்த மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை.

கட்டி எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா, ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 என்ற புரதம் மிகுதியா, மருந்துக்கு எப்படி மசிகிறது: நோயின் போக்கை இவைதான் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒரு ராத்திரி தலையணை நனைய அழுவதால் இவற்றில் எதுவும் மாறாது.

அப்படியானால் மனசுக்கு வேலையே இல்லையா? உண்டு. குட்வினின் ஆய்வில் ஆயுள் நீளாவிட்டாலும், கூடிப் பேசிய பெண்களுக்கு மன வேதனையும் வலியும் குறைந்தன. மிகவும் துவண்டு வந்தவர்களுக்கே அதிகப் பலன். இருக்கும் நாள் வலி குறைந்த நாளாக இருப்பது சின்ன விஷயமா என்ன? வாட்சனின் ஆய்விலும், ‘இனி ஒன்றுமில்லை’ என்று முற்றிலும் கைவிட்ட மனநிலை கொண்டவர்களுக்கு முடிவுகள் சற்று மோசமாக இருந்தன. காரணம் உறுதியாகவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன சிகிச்சையைச் சரிவரப் பின்பற்றாமல் போகும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று, பல நோய்களின் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் கண்டார்கள். ஹார்மோன் ஏற்பிகள் உள்ளவர்கள் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள், தினமும் விழுங்க வேண்டும். பலருக்கு உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் கெடும். மனம் சோர்ந்தவர் அதை நிறுத்திவிடுவது எளிது.

எனவே வாரக்கணக்கில் எதிலும் ஒட்டாமல், தூங்காமல், சாப்பிடாமல் இருப்பவருக்குத் தேவை அறிவுரை அல்ல, சிகிச்சை. மனநல மருந்து தொடங்கினால் புற்றுநோய் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள், டமாக்ஸிஃபெனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் ஈரல் நொதியைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸின் அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை; உடல் எரிச்சலையும் அது தணிக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் பலருக்கு மனம் உடைகிறது. வீடு ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்று பழைய வேலைகளுக்குத் திரும்பிவிடும். அவருக்கோ சின்ன முதுகுவலி வந்தாலும் நெஞ்சு பதறும். செக்கப் தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. இந்தப் பயம் பிழைத்து வந்த பலருக்கும் உண்டு. ஆலோசனையால் அது குறையும். தீராத அசதிக்கோ, படுத்து ஓய்வெடுப்பதைவிட நடையும் உடற்பயிற்சியும் நல்ல மருந்து.

உடற்பயிற்சி என்றதும், சிகிச்சைக்குப் பின் கை வீங்கியவர்களிடம் ‘அந்தக் கையால எதையும் தூக்காதே’ என்பார்கள். 2009-ல் கேத்ரின் ஷ்மிட்ஸ் அதையே சோதித்தார். கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு குழு, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்து, வாரம் இருமுறை எடை தூக்கியது. வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது, கையில் பலம் ஏறியது. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்டினார்கள். ஆகவே தண்ணீர்க் குடத்தை எடுத்துப் பார்க்காமல், பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தொடங்குங்கள்.