ஒரு கிலோ பறவை, 400 கிலோ அடி

மாணவர்களே, பறவையின் உடல் மென்மையானது. இறகு, தசை, உள்ளே காற்றறைகள் கொண்ட எலும்புகள், அவ்வளவுதான். அலுமினியத்தால் செய்த விமானத்தை அது என்ன செய்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். விடையை ஒரு சிறு கணக்கு சொல்லும்.

நான்கு பேர் அமரும் சிறிய விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு மேலேறுகிறது. அதன் வேகம் நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 1 கிலோ எடையும் 40 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பறவை. விமானம் அந்த 40 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் பறவையின் வேகம் சுழியத்திலிருந்து 40 மீட்டருக்கு உயர வேண்டும். இதற்குத் தேவைப்படும் சராசரி விசை 4,000 நியூட்டன். இது ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள பொருள் ஒன்று அழுத்துவதற்குச் சமம்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் அடியும் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். அது நான்கு மடங்காகிவிடும். ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

புறப்படும்போது ஏன் ஆபத்து?

அமெரிக்காவில் திரட்டப்பட்ட பதிவுகளின்படி, பறவை மோதல்களில் ஏறக்குறைய 10-இல் 7, தரையிலிருந்து 500 அடி உயரத்துக்குள் நடக்கின்றன. பறவைகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் பறக்கின்றன. மேலும், விமான நிலையத்தின் பரந்த புல்வெளி அவற்றுக்கு விருந்து மண்டபம் போன்றது. மழை பெய்தால் மண்புழுக்கள் வெளியே வரும். புல் வெட்டினால் பூச்சிகள் கிளம்பும்.

அதே நேரத்தில் விமானமும் தன் பயணத்தின் இக்கட்டான கட்டத்தில் இருக்கிறது. உயரம் குறைவு, வேகம் குறைவு. இயந்திரம் முழுச் சக்தியுடன் ஓடுகிறது. மூக்கு மேல்நோக்கி இருப்பதால் விமானிக்கு முன்னால் உள்ளவை சரியாகத் தெரிவதில்லை.

பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, சுமார் 1.8 கிலோ பறவை மோதினாலும் உடைந்து உள்ளே வராதபடி இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு இருக்கை விமானங்களுக்கு இப்படிப்பட்ட விதி இல்லை. அவற்றின் முன்கண்ணாடி பெரும்பாலும் மெல்லிய அக்ரிலிக் தகடுதான். இயந்திரமும் ஒன்றே ஒன்று.

ஒக்லஹோமாவில் நடந்தது

2008 மார்ச் 4. அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டியில் உள்ள வைலி போஸ்ட் விமான நிலையத்திலிருந்து செஸ்னா நிறுவனத்தின் சிறிய ஜெட் விமானம் ஒன்று புறப்பட்டது. சுமார் இரண்டு நிமிடங்களில் அது வெள்ளைக் கூழைக்கடாக்களுடன் மோதியது. இறக்கையின் கட்டமைப்பு சேதமடைந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர்.

வெள்ளைக் கூழைக்கடா 5 கிலோவுக்கும் மேல் எடையுள்ள பறவை. 7 கிலோ பறவைமீது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் விமானம் மோதினால் இயக்க ஆற்றல் 35,000 ஜூல். நாம் முதலில் பார்த்த பறவைக்கு அது 800 ஜூல் மட்டுமே. வித்தியாசம் ஏறக்குறைய 44 மடங்கு!

மோதிய பிறகு சில நொடிகள்

ஆனால் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலான மோதல்களில் விமானத்துக்குச் சேதமே ஏற்படுவதில்லை. சிறிய விமானத்தில், மோதலுக்குப் பிந்திய சில நொடிகளில் விமானி என்ன செய்கிறார் என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

பறவையைக் கண்டு திடுக்கிட்டு மூக்கைச் சட்டென்று அதிகமாகத் தூக்கினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை குறைந்து விமானம் சரியும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீள இடமிருக்காது.

அதனால்தான் பயிற்சி விமானிகளுக்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடம், 'என்ன நடந்தாலும் விமானத்தை ஓட்டிக்கொண்டே இரு' என்பது. ஓடுபாதையில் இன்னும் இடமிருந்தால் புறப்பாட்டைக் கைவிட்டு நிறுத்தலாம். மேலெழும்பிய உடனே இயந்திரம் நின்றுவிட்டால், திரும்பி வர முயலாமல் முன்னால் உள்ள திறந்தவெளியில் இறங்குவதே பாதுகாப்பானது.

இறகு தரும் துப்பு

எந்தப் பறவை மோதியது என்று எப்படித் தெரியும்? 1960-இல் பாஸ்டனில் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்தில் சிக்கி விழுந்தது. 62 பேர் மாண்டனர். ஸ்டார்லிங், நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு பறவை. இயந்திரத்தில் சிக்கிய இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து அதை அடையாளம் கண்டவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராக்ஸி லேபோர்ன். இன்று அங்கே டிஎன்ஏ சோதனையும் நடக்கிறது. பறவை எதுவென்று தெரிந்தால், அது எதைத் தேடி வருகிறது என்பதும் தெரியும். புல்லை எந்த உயரத்தில் வைப்பது, எந்த நீர்த்தேக்கத்தை மூடுவது என்று விமான நிலையம் முடிவெடுக்கலாம்.

விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் குப்பைமேடு கூடாது என்று அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. சுபாங், சிலேத்தார் போன்ற நிலையங்களைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். எத்தனை வீடுகள், உணவுக் கடைகள், பள்ளிகள்! மூடாமல் விடும் ஒவ்வொரு குப்பைத் தொட்டியும் காகங்களுக்கு ஓர் அழைப்புதான்.