முதலில் அறை, அப்புறம் பல்கலைக்கழகம்

லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பும் மாணவரின் வீட்டில் எழும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்தப் பல்கலைக்கழகம், தரவரிசையில் எத்தனையாவது, ஃபீஸ் எவ்வளவு, பேங்க்கில் கடன் எவ்வளவு கிடைக்கும், விசா எப்போது வரும். எங்கே தங்குவது என்ற கேள்வி டிக்கெட் எடுத்த பிறகுதான் வரும். அதற்கும் ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே பெரும்பாலும் பதில். சிறிய ஊருக்குப் படிக்கப் போகிறவருக்கு இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. லண்டனுக்கு இது ஒத்துவராது. ஒரு மாணவர் அங்கே வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை பார்க்க வேண்டியிருக்கும், எவ்வளவு தூங்குவார், நூலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், ஆய்வேட்டை உரிய நாளில் கொடுப்பாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவர் தங்கும் அறையும் அதன் வாடகையும்தான். ஆகவே அறைக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

குழப்பம் தொடங்குவது விசாவுக்காகக் காட்டும் பணத்தில். லண்டனில் படிக்கும் மாணவர் மாதத்துக்கு 1,529 பவுண்ட் வீதம் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. மற்ற ஊர்களுக்கு 1,171 பவுண்ட். அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்டினால் போதும். ஆக, லண்டனுக்கு மொத்தம் 13,761 பவுண்ட், ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய். சொந்தச் சேமிப்பானால் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இந்தத் தொகையைத்தான் பல குடும்பங்கள் ‘லண்டன் செலவு’ என்று எடுத்துக்கொள்கின்றன. கல்விக் கடனும் அதை ஒட்டியே கேட்கப்படுகிறது. கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. இது விசா அதிகாரி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மட்டுமே. இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிப்பு பொதுவாக 12 மாதம். 9 மாதக் கணக்கில் விட்டுப்போன 3 மாதமும் சாப்பிட வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அதுவும் ஆய்வேடு எழுதும் கடைசி 3 மாதம்.

வாடகை எவ்வளவு? யூனிபோல் என்ற மாணவர் வீட்டுவசதி அமைப்பும் உயர்கல்விக் கொள்கை ஆய்வு நிறுவனமான ஹெப்பியும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மாணவர்களுக்கென்றே கட்டப்பட்ட லண்டன் விடுதிகளில் 2024–25 கல்வியாண்டின் சராசரி வாடகை 13,595 பவுண்ட். இங்கிலாந்து மாணவர்களுக்கே அரசு தரும் வாழ்க்கைச் செலவுக் கடனின் உச்சவரம்பு அந்த ஆண்டு 13,348 பவுண்ட்தான். அதாவது உள்ளூர் மாணவர் அரசுக் கடன் முழுவதையும் வாங்கினாலும் அறை வாடகைக்கே பற்றாது. நம் மாணவருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அந்தப் பழைய வாடகையை இன்றைய விசாத் தொகையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 166 பவுண்ட். சாப்பாடு, பயணம், குளிருக்குத் துணி, போன் எல்லாம் அந்த 166-க்குள் அடங்க வேண்டும்.

‘பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்’ என்பது முதலில் வரும் மறுப்பு. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் வேலை பார்க்கலாம். 2026 ஏப்ரல் முதல் 21 வயதானவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். ஒரு வாரம்கூட விடாமல் 20 மணிநேரமும் கிடைத்தால் மாதம் ஏறத்தாழ 1,100 பவுண்ட் வரும். மேலே சொன்ன சராசரி வாடகையை மாதக் கணக்கில் பிரித்தால் 1,133 பவுண்ட். முழு உழைப்பும் அறைக்கே போய், அதற்கும் துண்டு விழுகிறது. அந்த 20 மணிநேரமும் நிச்சயமில்லை. கடைகளும் உணவகங்களும் ஆள் தேவைப்படும் வாரத்தில் கூப்பிடும், தேவைப்படாத வாரத்தில் கூப்பிடாது. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்ப்பதற்கும் இடமில்லை. ஒரே வாரம் 20-ஐத் தாண்டினாலும் விசா விதிமீறல்தான். கோடையில் முழுநேர வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கையும் மாஸ்டர்ஸ் மாணவருக்கு உதவாது, ஏனென்றால் ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் படிப்புக் காலமாகவே கணக்கில் வரும். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி வேலை சுயதொழிலாகக் கருதப்படுவதால், மாணவர் விசாவில் அதற்கு அனுமதியே இல்லை. இன்னொருவர் பெயரில் உள்ள டெலிவரிக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற மாணவர், பிடிபட்டால் படிப்பையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

பணம் இருந்தாலும் அறை உடனே கிடைத்துவிடாது. தனியார் வீட்டு உரிமையாளர்கள் பொதுவாகக் கேட்பது, பிரிட்டனிலேயே வசித்துச் சம்பாதிக்கும் ஒருவரின் ஜாமீன். மதுரையில் இருக்கும் அப்பாவின் கையெழுத்து அங்கே செல்லாது. ஜாமீன் தர ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்த வாடகையை முன்கூட்டியே கேட்பது வழக்கமாக இருந்தது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் தனியார் வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. கேட்பதற்கு இது நல்ல செய்தி. ஆனால் பணத்தைக் காட்டி ஜாமீன் இல்லாக் குறையை ஈடுகட்டும் வழியும் இதனால் அடைபடுகிறது. உரிமையாளர் இனி ஜாமீன்தாரரைத்தான் இன்னும் அழுத்திக் கேட்பார். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே ஜாமீன் நிற்கின்றன. சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இது. வாடகை தவிர வாங்கும் டெபாசிட் 5 வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும் என்பதும் சட்டம்தான். இது தெரியாமல், வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நம்பி, பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பி ஏமாறுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

‘அங்கே நம்ம ஆட்கள் இருக்கிறார்கள்’ என்பது அடுத்த சமாதானம். உண்மைதான். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஆல்பர்ட்டன், ஹாரோ பக்கமெல்லாம் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வேரூன்றியிருக்கிறார்கள். ஈஸ்ட்ஹாமில் முருகன் கோயிலும் தமிழ்க் கடைகளும் உண்டு. முதல் மாதத்தில் அந்தத் துணைக்கு விலையே இல்லை. ஆனால் பழக்கத்தின் பேரில், ஒப்பந்தம் இல்லாமல், கையில் காசு கொடுத்துத் தங்கும் படுக்கைக்கு ஒரு விலை உண்டு. ஒருவர் தூங்கும் அறைக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டரும், இருவர் தூங்கும் அறைக்கு 10.22 சதுர மீட்டரும் வேண்டும் என்று 2018 முதல் உரிமம் பெற வேண்டிய பகிர்வு வீடுகளுக்கு விதி இருக்கிறது. உறவினர் அல்லாத ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த உரிமம் கட்டாயம். ஹாலில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடு இந்த விதிகளுக்கு ஒத்துவராது. ஒப்பந்தம் இல்லையென்றால் பேங்க் கணக்குக்கு முகவரிச் சான்று காட்டுவது சிக்கலாகும். வெளியே போகச் சொன்னால் எதைக் காட்டி வாதாடுவது? முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வரி கிடையாது. வேலைக்குப் போகிற ஒருவர் உடன் தங்கினாலே வரி பில் வந்துவிடும். அதை யார் கட்டுவது என்ற சண்டையும் கூடவே வரும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேலை இருப்பது லண்டனில்தான், அதற்காகக் கூடுதல் செலவு செய்யலாமே? நிதித்துறையையோ சட்டத்தையோ குறிவைத்திருப்பவருக்கு இதில் நியாயம் இருக்கிறது. திறன்சார் பணி விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்ட் வேண்டும், புதிதாகப் படித்து வருபவருக்குச் சலுகையாக 33,400. இந்த அளவு சம்பளம் கிடைக்கும் வாய்ப்பும் லண்டனில்தான் கூடுதல். ஆனால் லண்டனில் வேலை தேட லண்டனிலேயே படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ் மாணவருக்கு அது 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அந்த 18 மாதத்தைக் கையில் கொஞ்சம் பணத்தோடு தொடங்குகிறவர் நல்ல வேலைக்குக் காத்திருக்க முடியும். வாடகைப் பாக்கியோடு தொடங்குகிறவர் கிடைத்த வேலைக்குள் அடைபட்டுவிடுவார். விசா விதியின் கணக்குப்படியே லண்டனுக்கும் மற்ற ஊர்களுக்கும் 9 மாதத்தில் 3,222 பவுண்ட் வித்தியாசம். லீட்ஸிலோ கிளாஸ்கோவிலோ படித்து, மிச்சம் பிடித்த பணத்தோடு வேலைக்காக லண்டன் வருவது நல்ல திட்டம்தான்.

‘முந்தைய தலைமுறை இதையெல்லாம் பார்த்தா போனது?’ என்றும் கேட்கலாம். அவர்களுக்கும் அறைதான் முதல் சிக்கலாக இருந்தது. கறுத்த தோலைப் பார்த்ததும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரரைத் தடுக்க 1968-இல்தான் சட்டம் வந்தது. இந்திய மாணவர்களுக்காக 1920-இல் தொடங்கி, 1953-இல் ஃபிட்ஸ்ராய் ஸ்கொயரில் புதுக் கட்டடம் கண்ட இந்திய ஒய்.எம்.சி.ஏ. போன்ற விடுதிகள் தேவைப்பட்டதற்குக் காரணமும் இடப் பிரச்சினைதான். அப்படியானால் லண்டன் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா? இல்லை. ஃபீஸோடு வாழ்க்கைச் செலவையும் ஏற்கும் செவெனிங், காமன்வெல்த் போன்ற உதவித்தொகை கிடைத்தவருக்கு லண்டன் தாராளமாகப் பொருந்தும். சொந்தப் பணத்திலும் கடனிலும் போகிறவர் 12 மாத வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். பார்ட் டைம் வருமானத்தை அதில் பூஜ்யமாக வைக்கட்டும். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், முதலாண்டு வெளிநாட்டு மாணவருக்கு அறை உறுதியா, பல்கலைக்கழகம் ஜாமீன் நிற்குமா என்ற மூன்றையும் கன்சல்டன்சியிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். அதன் பிறகும் கணக்கு இடிக்காமல் வந்தால் லண்டன் போகலாம். இடித்தால் ஊரை மாற்றலாம். படிப்பை மாற்ற வேண்டியதில்லை.