பச்சை என்று எழுதினால் பச்சையா?

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சி.பி.எஸ்.இ. 11, 12ஆம் வகுப்புகளில் 'பைதான்' என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தைத் தாண்டிப் புதிய வசதிகளைக் கையாளும்போது அவர்கள் தடுக்கி விழக்கூடிய ஓரிடம் உண்டு. பெற்றோரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2021 அக்டோபரில் வெளியான பைதான் 3.10இல் 'மேட்ச்-கேஸ்' என்ற வசதி சேர்ந்தது. வந்த மதிப்பு எது என்று பார்த்து அதற்கேற்ற வேலையைச் செய்ய வைப்பது இது. ரயில் உதாரணமே சொல்கிறேன். பச்சை விளக்குக்கு 1, சிவப்புக்கு 2 என்று முன்பே குறித்து வைத்துவிட்டு, 'சிக்னலைப் பார். கேஸ் பச்சை என்றால் வண்டி போகலாம்' என்று எழுதுகிறோம். சிக்னலில் சிவப்பு வந்தாலும் 'போகலாம்' என்றே விடை வரும்!

காரணம் இதுதான். 'கேஸ்' என்பதற்குப் பின் வெறும் பெயர் வந்தால் பைதான் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வந்த மதிப்பை அந்தப் பெயரிலேயே போட்டுக்கொள்கிறது. பச்சைக்கு வைத்திருந்த 1 போய், 2 வந்துவிடும். அதன் கீழே இன்னொரு கேஸ் இருந்தால் பிழை என்று நிறுத்திவிடும். அதுவே கடைசி என்றால் சத்தமில்லாமல் ஓடும். 'நிறம்.பச்சை' என்று புள்ளி வைத்தோ, நேராக எண்ணையோ எழுதினால்தான் ஒப்பிடும்.

இவ்வசதியை முன்மொழிந்த 622ஆம் எண் ஆவணம் 2020இல் வந்தது. விதியும் விளக்கமும் ஒன்றாக இருந்த அந்த நீண்ட ஆவணம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசமும் உடனிருந்தோரும் அதை மூன்றாகப் பிரித்தார்கள். 634இல் விதி, 635இல் காரணம், 636இல் பயிற்சிப் பாடம்.

ரயில்வேக் குடும்பங்களுக்கு இம்முறை புதிதல்ல. பொது விதிகள் எல்லா ரயில்வேக்கும் ஒன்று. ஃபேர்லி பிளேஸில் உள்ள கிழக்கு ரயில்வேயும், கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வேயும் தத்தம் துணை விதிகளைத் தனியே குறிக்கின்றன. எதைப் படிக்கிறோம் என்பதில் குழப்பம் வராது.

ஆகவே பிள்ளைகள் 636இல் தொடங்கட்டும். ஐயம் வந்தால் 634ஐப் பார்க்கட்டும். சோதிக்கும்போது பச்சையை மட்டும் கொடுத்தால் தவறான புரோகிராமும் சரியாகவே ஓடும். கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோரும் ஒரு கேள்வி கேட்கலாம்: "சிவப்பைக் கொடுத்துப் பார்த்தாயா?"