உருகிய உலோகம் உறையும்போது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் சட்டென்று கட்டியாகிவிடுவதில்லை. முதலில் குழைகிறது, பிறகே இறுகுகிறது. அது பல கொழுப்புகளின் கலவை அல்லவா? உலோகக் கலவைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான் உறைகின்றன.

நூம்பலிலிருந்து சிறிது தொலைவில், 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. வாகன உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். அத்தகைய உறுப்புகள் பலவற்றை அலுமினியக் கலவையில் வார்க்கிறார்கள். தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உறையும். 7 சதவீதம் சிலிக்கன் சேர்த்தால், ஏறத்தாழ 615 டிகிரியில் உறையத் தொடங்கி 577 டிகிரியை ஒட்டித்தான் முடியும். இந்த இடைவெளியில், குழம்புக்குள் படிகங்கள் மரக்கிளைகளைப் போல் வளர்கின்றன. வெப்பம் விரைவாக வெளியேறினால் கிளைகள் நுண்ணியவை, நெருக்கமானவை, உறுப்பும் உறுதியாயிருக்கும். மெதுவாக வெளியேறினால் கிளைகள் தடித்துவிடும். மணல் அச்சைவிட இரும்பு அச்சில் வார்த்தது பெரும்பாலும் வலுவாயிருப்பது இதனால்தான்.

"அப்படியானால் வேகமாகக் குளிர்விப்பதே நல்லது" என்று என் மாணவர்கள் உடனே சொல்வார்கள். பொறுங்கள்! வார்ப்பிரும்பை எடுத்துக்கொள்வோம். அது மெதுவாக ஆறினால் கரி கிராபைட்டாகப் பிரியும். உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். பேருந்தின் பிரேக் டிரம் இவ்வகை. மிக வேகமாக ஆறினாலோ கரி இரும்புடன் சேர்ந்து கார்பைடாகிவிடும். உடைந்த முகம் வெளுத்திருக்கும். கடினம் மிகுதி, ஆனால் அடித்தால் நொறுங்கும், கடைசல் உளிக்கும் எளிதில் மசியாது.

இன்னொரு தொல்லை, சுருக்கம். அலுமினியம் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. தடித்த பகுதி கடைசியில் உறையும். அதற்குள் மெல்லிய பகுதிகள் இறுகி வழியை அடைத்துவிட்டால், உள்ளே பள்ளம் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைசலில் பாதி வேலை முடிந்த பிறகு ஓட்டை வெளிப்பட்டால், அத்தனை உழைப்பும் வீண். வெளிப்படாமலே வண்டியில் ஏறிவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே வார்ப்பின் மேல் 'ரைசர்' என்னும் உபரிக் குழம்புத் தொட்டி வைக்கிறார்கள். அது வார்ப்புக்குப் பின்னரே உறைய வேண்டும். எவ்வளவு பெரிதாக வைப்பது? உறையும் நேரம், கனஅளவைப் பரப்பால் வகுத்துவரும் ஈவின் இருமடிக்கு நேர்விகிதம் என்று 1940இல் குவோரினோவ் காட்டினார். 5 செ.மீ. கனசதுரத்தைவிட 10 செ.மீ. கனசதுரம் உறைய நான்கு மடங்கு நேரமாகும். கணக்கிட்டுப் பாருங்கள்.

பெரியவர்கள் துணையோடு, வெந்நீரில் வைத்து உருக்கிய மெழுகைச் சிறு டம்ளரில் ஊற்றி ஆறவிடுங்கள். நடுவில் குழி விழும். அது ஏன் ஓரத்தில் விழவில்லை?