கேளாமல் கட்டிய வீடுகள்

வீட்டுத்திட்டம் என்றதும் முதலில் வருவது படம். அப்படிக் கீறிய படம் ஒன்று செல்வம் மிகுந்த நாட்டில் என்னவாயிற்று என்பதை நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஒல்லாந்து தேசத்தின் தலைநகரான அம்ஸ்ரடாமின் தென்கிழக்கே பைல்மர்மேர் என்றோர் இடம் உண்டு. ஏரியொன்றை வற்றவைத்துப் பெற்ற விவசாய நிலம் அது. நகரில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் 1966இல் அங்கே கட்டட வேலை தொடங்கியது. தேன்கூட்டு அறைகள் போல மடங்கிச் செல்லும் நீண்ட தொடர்மாடிகள். இடையே புல்வெளியும் மரங்களும். வாகனங்களுக்கு உயர்த்திய வீதி, நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் கீழே தனிப்பாதை. சுமார் 13,000 வீடுகள். அறைகளும் விசாலமானவை. படத்தில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் யாருக்கென்று கட்டினார்களோ, அந்த நடுத்தரக் குடும்பங்களில் பல வரவில்லை. அவர்கள் விரும்பியது வாசலும் சிறு வளவும் உள்ள தரைவீடு. அது வேறு ஊர்களில் கிடைத்தது. இங்கோ வாடகை அதிகம்; கடைகள் போதாது; நகருக்குச் செல்லும் மெற்றோ ரயில் 1977இல்தான் வந்தது. நிலமட்டத்தில் குடிமனைகள் இல்லை, சாமான் அறைகளே இருந்தன. ஆளரவமற்ற அந்த வழியால் இரவில் செல்லப் பலர் அஞ்சினர்.

வெறுமையான வீடுகளுக்கு வேறு மக்கள் வந்தார்கள். ஒல்லாந்தரின் குடியேற்ற நாடான சுரினாம் 1975இல் சுதந்திரம் பெற்றது. அக்காலத்தில் அங்கிருந்து பெருந்தொகையானோர் புறப்பட்டு வந்தனர். வீடு கிடைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. பூட்டிக் கிடந்த தொடர்மாடி ஒன்றில் 1974இலேயே சுரினாம் குடும்பங்கள் அனுமதியின்றிப் புகுந்து குடியேறின. பின்னர் ஊருக்குக் கெட்ட பெயர் வந்தபோது பலர் குறை சொன்னது வந்தவர்களைத்தான்! வழமையாக நடப்பதுதானே.

1992 ஒக்ரோபர் 4ஆம் திகதி சரக்கு விமானமொன்று இரு தொடர்மாடிகள் மீது விழுந்து 43 பேர் மாண்டனர். அந்தத் தசாப்தத்தில் தொடங்கிய புனரமைப்பில் பல தொடர்மாடிகளை இடித்து, பெரும்பாலும் தாழ்ந்த வீடுகளைக் கட்டினார்கள்.

கிளைபர்க் என்ற தொடர்மாடி மட்டும் வேறு விதமாகத் தப்பியது. 500 வீடுகள் கொண்ட அதனையும் இடிப்பதாகவே இருந்தது. கடைசியில் கூரை, மின்தூக்கி, வெளிச்சுவர் ஆகியவற்றை மட்டும் திருத்தி, உள்ளே வெறுங்கூடாகக் குறைந்த விலைக்கு விற்றார்கள். குசினி எங்கே, அறை எங்கே என்பதை வாங்கிய குடும்பங்களே தீர்மானித்து வேலையை முடித்துக்கொண்டன. 2017இல் ஐரோப்பாவின் உயர்ந்த கட்டடக்கலைப் பரிசு அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்தது.