பித்தக் குழாயில் அடைப்பா? கத்தியின்றிக் கண்டறியலாம்

கண்ணும் தோலும் மஞ்சளாகிறதா? சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளுத்தும் போகிறதா? காரணம் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் இக்குழாய் வழியாகவே குடலுக்குச் செல்கிறது. கல், கட்டி அல்லது சுருக்கம் அதை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். கீழாநெல்லி குடித்துப் பார்ப்போம் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். அது அடைப்பை நீக்காது. வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். முதியவர்களுக்கு வலியின்றி வரும் காமாலைக்குச் சில வேளைகளில் கட்டி காரணமாக இருக்கும்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்வார்கள். பித்தப்பைக் கற்களை அல்ட்ராசவுண்ட் நன்றாகக் காட்டும். ஆனால், குழாயின் கீழ்ப்பகுதியைக் குடலில் உள்ள வாயு மறைத்துவிடக்கூடும்.

அப்போது 'எம்.ஆர்.சி.பி.' ஸ்கேன் உதவும். இது காந்தப்புலத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையின் ஒரு வகை. எக்ஸ்ரே கதிர் இல்லை. உடலுக்குள் குழாய் செலுத்துவதில்லை. படத்தில் பித்தநீர் வெண்மையாகவும் கல் கரும்புள்ளியாகவும் தெரியும். பெரும்பாலும் மருந்து ஊசியும் தேவைப்படாது.

பாலிக் புலாவில் வசிப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கையோ பாலிக் புலாவ் மருத்துவமனையையோ முதலில் நாடலாம். தேவைப்பட்டால் ஜார்ஜ்டவுனிலுள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பரிசோதனைக்கு முன்

• சொல்லப்படும் நேரம் வரை, வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம், உண்ணாமல் இருங்கள்.
• நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் அன்று என்ன செய்வது என முன்கூட்டியே கேளுங்கள்.
• பேஸ்மேக்கர், காதினுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக் குழாய் கிளிப், கண்ணில் உலோகத் துகள் இருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள்.
• தாலிக்கொடி, மூக்குத்தி, மெட்டி, பொய்ப்பல், காது கேட்கும் கருவி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

பரிசோதனையின்போது

சுமார் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் சத்தமிடும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். 'தாஹான் நாஃபாஸ்' என்று சொன்னால் மூச்சை அடக்குங்கள். பயமாக இருந்தால் கையிலுள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள்.

பிறகு?

எம்.ஆர்.சி.பி. படம் மட்டுமே காட்டும், கல்லை எடுக்காது. கல்லை எடுக்க, வாய் வழியாகக் குழாய் செலுத்தும் 'இ.ஆர்.சி.பி.' சிகிச்சை தேவைப்படலாம். அதனால் சிலருக்குக் கணைய அழற்சி வருவதுண்டு. ஆகவே, அது உண்மையிலேயே தேவையா என்பதை ஸ்கேன் படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

உடனே செல்லுங்கள்

மஞ்சள் காமாலையுடன் குளிர் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, மனக்குழப்பம் இருந்தால் அது பித்தக் குழாயில் கிருமித் தொற்றாக இருக்கலாம். இது உயிருக்கு ஆபத்தானது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 999 எண்ணை அழையுங்கள்.