நீரிழிவுப் பரிசோதனையும் தூய்மைப் பணியாளரின் காலை உணவும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய கட்டமான முன்நீரிழிவும் உள்ளன. தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளோர் 14.4 விழுக்காடு. நோய் இந்த அளவுக்குப் பரவியிருப்பதால் பல நிறுவனங்கள் பணியிடங்களிலேயே நலத்திட்டங்களை நடத்துகின்றன. தமிழ்நாடு அரசும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2024இல் பணியிடங்களுக்கு விரிவாக்கியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் தெருவும் குப்பைக் கிடங்குமே பணியிடமாக உள்ள தூய்மைப் பணியாளருக்கு இத்திட்டம் என்ன வடிவில் சென்று சேர வேண்டும் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

தடுக்கக்கூடிய நோய்

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பது மறுபரிசோதனையிலும் உறுதியானால் அது நீரிழிவு. 100 முதல் 125 வரை இருந்தால் முன்நீரிழிவு என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுக்கிறது. முன்நீரிழிவு நோயாக மாறுவதைத் தடுக்க முடியும் என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் நிறுவியது. 531 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. அதில் பங்கேற்றோர் பெரும்பாலும் சேவைத்துறை நிறுவனங்களைச் சார்ந்த நடுத்தர வர்க்கத்தினர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அலுவலகங்களின் நலத்திட்டங்கள் அமர்ந்து பணிபுரிவோரை மனத்தில் கொண்டவை: நடைப்போட்டி, உடற்பயிற்சி வகுப்பு, உணவக மாற்றம். விடியற்காலை முதல் வண்டி தள்ளும் பெண்ணுக்கு நடை குறைவில்லை. அவருக்கு இல்லாதவை வேறு.

முதலாவது, உணவு இடைவேளை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவரும் இன்சுலின் எடுப்பவரும் உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழும். நடுக்கமும் தடுமாற்றமும் வரும். பார்ப்பவர் அதைக் குடிபோதை எனக் கருதிவிடவும் கூடும். இரண்டாவது, கழிப்பறை. நீரிழிவு சிறுநீர்ப் போக்கை மிகுதியாக்குகிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். மூன்றாவது, காலணி. நரம்பு பாதிக்கப்பட்ட காலில் கண்ணாடித் துண்டு குத்தினாலும் வலி தெரியாது; ஆறாத அந்தப் புண்ணே கால் அகற்றத்தில் முடியலாம்.

இதைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. கழிவுநீர்த் தொட்டி, சாக்கடைப் பணியாளர் குறித்து ஒன்றிய அரசு திரட்டிய விவரங்கள் 2024இல் வெளிவந்தன. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

சட்டம் தரும் பிடிமானம்

தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆவது உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. எனவே பணியிட நலத்திட்டம் முதலாளியின் கொடை ஆகாது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவான தொழிலாளிக்கு மருத்துவத்துடன், பங்களிப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்ததாரர் பங்களிப்பைச் செலுத்தத் தவறினாலும் முதன்மை வேலையளிப்பவருக்குப் பொறுப்பு உண்டு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். நிரந்தரப் பணியாளர் கால் இழந்தால் மாற்றுப்பணி கோர வழி இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளரை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடவே ஒப்பந்ததாரர் முனைவார். நிரந்தரப் பணிக்கான கோரிக்கை நலவாழ்வுக் கோரிக்கையும் ஆவது இதனால்தான்.

இப்பாதுகாப்பு இல்லாமல் நடத்தப்படும் முகாமில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சர்க்கரை அளவு ஒப்பந்ததாரரின் கைக்குப் போனால், அதுவே ஆட்குறைப்புப் பட்டியலாக மாறக்கூடும்.

நாம் கேட்க வேண்டியவை

பரிசோதனைக்கும் மாதாந்திர மருந்துக்கும் ஊதியத்துடன் நேரம். பணி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் உணவு இடைவேளை. வார்டுதோறும் பெண்களுக்கான கழிப்பறையும் குடிநீரும். தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் முறையான பாதப் பரிசோதனையும். முடிவுகள் பணியாளருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும் என்ற எழுத்துவழி உறுதி. இவை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே இடம்பெற வேண்டும்.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே ஒன்று செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள்: எத்தனை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் உள்ளனர்? அவர்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பு செலுத்தப்படுகிறது? கடைசியாகக் காலணி வழங்கப்பட்டது எப்போது? 30 நாள்களில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு சங்கத்தை அணுகினால் கோரிக்கைக்கு ஆவணமும் துணை நிற்கும்.